அமெரிக்கக் கடற்படைப் பெண் அதிகாரியின் மாலை விருந்துச் சீருடை: அழைப்பிதழ் முதல் அலமாரி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டராகப் பதவி உயர்வு வந்தால் கூடவே ஒரு செலவும் வரும். அதுவரை விருப்பம் இருந்தால் வாங்கலாம் என்றிருந்த டின்னர் டிரெஸ் ஜாக்கெட், அந்தப் பதவியிலிருந்து கட்டாயம். அதிகாரிகள் சீருடையைத் தங்கள் கைக்காசில்தான் வாங்க வேண்டும். பணியில் சேரும்போது ஒருமுறை 400 டாலர் உடைப்படி கிடைக்கும். அது அன்றாடச் சீருடைகளுக்கே போதாது. அதனால் பலரும் இந்த மாலை உடையைக் கடைசி நிமிடம் வரை தள்ளிப்போட்டு, விருந்துக்கு முந்தின வாரம் கடைக்கு ஓடுகிறார்கள். அங்கேதான் எல்லாம் சொதப்பும்.

என் கருத்தில் இந்த உடையின் அழகு கடையில் பாதிகூட இல்லை. மீதி தையல்காரர் கையில். இந்த வழிகாட்டியை அந்த நினைப்போடுதான் எழுதுகிறேன்.

முதலில் அழைப்பிதழைச் சரியாகப் படியுங்கள்

அழைப்பிதழில் 'ஒயிட் டை' என்று இருந்தால் கடற்படைக்காரருக்கு அது ஃபார்மல் டிரெஸ். 'பிளாக் டை' என்றால் டின்னர் டிரெஸ் ஜாக்கெட். ஆண்களுக்கு இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வெள்ளை டையும் வெள்ளை வெயிஸ்ட்கோட்டும் வந்துவிடும். பெண்களுக்கு அந்த வித்தியாசம் கண்ணில் அவ்வளவாகப் படாது. ஒரே குட்டை ஜாக்கெட்தான் இரண்டிலும் முக்கிய வேலையைச் செய்கிறது.

குழப்பம் வருவது வேறிடத்தில். 'டின்னர் டிரெஸ் ப்ளூ' என்றும் ஒன்று உண்டு, 'டின்னர் டிரெஸ் ப்ளூ ஜாக்கெட்' என்றும் ஒன்று உண்டு. ஜாக்கெட் என்ற சொல் இல்லாவிட்டால், அலுவல் விழாக்களுக்குப் போடும் அதே சர்வீஸ் டிரெஸ் கோட்டை மினியேச்சர் மெடல்களோடு அணிந்தால் போதும். ஜாக்கெட் என்று இருந்தால் இடுப்போடு நிற்கும் குட்டை ஜாக்கெட், தங்க நிறக் கம்மர்பண்ட் (இடுப்பைச் சுற்றிக் கட்டும் மடிப்பு வைத்த அகலப் பட்டை), நீளப் பாவாடை என்று முழு அலங்காரம். லெப்டினன்ட் வரையிலான இளம் அதிகாரிகள் ஜாக்கெட் இல்லாமல் முதல் வகை உடையில் வரலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நீலமா வெள்ளையா என்பது உங்கள் விருப்பம் இல்லை. பருவத்தையும் இடத்தையும் பொறுத்து அந்தப் பகுதியின் கடற்படைத் தலைமை முடிவு செய்யும். அக்டோபர் 13 கடற்படையின் பிறந்தநாள் (1775-இல் தொடங்கியதாகக் கணக்கு). அதையொட்டி நடக்கும் நடன விருந்துகள்தான் பலருக்கு இந்த உடையை முதன்முதலில் போடும் சந்தர்ப்பம். வெள்ளை ஜாக்கெட் கோடைக்கும் வெப்பமான துறைமுகங்களுக்கும். எதை முதலில் வாங்குவது என்று கேட்டால், நீலம் என்பேன். வெள்ளையில் ஒரு சொட்டு சாஸ் விழுந்தால் அன்றைய இரவு அதோடு முடிந்தது.

சீக்கிரம் ஆர்டர் கொடுங்கள்

பெண்களுக்கான உருப்படிகள் எல்லா அளவிலும் கையிருப்பில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். 2014 ஜூலை 1 அன்று மிஷெல் ஹோவர்ட், அமெரிக்கக் கடற்படையின் முதல் பெண் நான்கு நட்சத்திர அட்மிரல் ஆனார். பெண்களுக்கான நான்கு நட்சத்திரத் தோள் சின்னப் பட்டைகளை வாங்கப் போனால், அப்படி ஒன்று தயாரிப்பிலேயே இல்லை. தனியாக ஒப்பந்தம் போட்டுத்தான் செய்ய வேண்டியிருந்தது. விழாவில் அவரே சிரித்துக்கொண்டு சொன்ன விஷயம் இது. அட்மிரலுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் ஒன்றரை மாதம், இரண்டு மாதம் முன்னதாக வேலையைத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1942 ஜூலை 30 அன்று 'வேவ்ஸ்' என்ற பெண்கள் ரிசர்வ் படை உருவானபோது, சீருடை வடிவமைக்க மெயின்போஷரை அழைத்தார்கள். சிகாகோவில் பிறந்து பாரிஸில் பெயர் வாங்கியவர். பிரிட்டிஷ் அரசர் எட்டாம் எட்வர்ட் யாருக்காக அரியணையைத் துறந்தாரோ, அந்த வாலிஸ் சிம்ப்சனின் திருமண உடையை 1937-இல் தைத்தவர். வெட்டு அருமையாக இருந்தது. ஆனால் பெண் அதிகாரிகளின் கையில் தங்க ஜரிகை இல்லை, வெளிர்நீலப் பட்டைதான். ஆண்களுக்கு நிகரான தங்கப் பட்டை பிறகுதான் வந்தது. பெண்கள் நிரந்தரக் கடற்படையில் சேர 1948 ஜூன் 12 சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாலைச் சீருடையும் அப்படித்தான்: ஆண்களுக்கென்று முடிவான ஜாக்கெட்டைப் பெண் உடலுக்கு ஏற்ப மாற்றியது. அதனால்தான் தையல்காரர் இல்லாமல் வேலை நடக்காது என்கிறேன்.

கடை என்றால் பெரும்பாலும் கடற்படையே நடத்தும் நேவி எக்ஸ்சேஞ்ச்தான். பெரிய தளங்களில் சீருடைப் பிரிவு தனியாக இருக்கும், அங்கேயே தையல்காரரும் இருப்பார். தூரத்தில் இருப்பவர்கள் அஞ்சலில் வரவழைக்கலாம். ஆனால் அளவு சரியில்லாமல் ஒருமுறை திருப்பி அனுப்ப நேரும் என்ற கணக்கையும் சேர்த்தே தேதி போடுங்கள்.

ஜாக்கெட்: இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும்

டின்னர் ஜாக்கெட் முன்பக்கம் திறந்தே இருக்கும். உள்ளே சட்டையும் கம்மர்பண்டும் தெரிய வேண்டும். அதனால் தோளும் முதுகும் கச்சிதமாக உட்கார்ந்தால்தான் முன்பக்கம் ஒழுங்காக விழும். தோள் பெரிதாக இருந்தால் பிறகு எதைச் செய்தாலும் அது இரவல் வாங்கிய ஜாக்கெட் போலத்தான் தெரியும். எனவே தோளுக்குச் சரியான அளவை எடுத்துக்கொண்டு, இடுப்பையும் மார்பையும் தையல்காரரிடம் சரிசெய்யச் சொல்லுங்கள்.

அளவு பார்க்கும்போது நின்று கண்ணாடி பார்த்தால் மட்டும் போதாது. உட்காருங்கள். டோஸ்ட் சொல்லக் கிளாஸை உயர்த்துவதுபோல் வலது கையைத் தூக்குங்கள். யாருடனாவது நடனமாடுவதுபோல் இரண்டு கைகளையும் முன்னே கொண்டுபோங்கள். முதுகில் இழுத்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். அன்று உள்ளே போடப்போகும் அதே சட்டை, அதே உள்ளாடையோடு அளவு கொடுக்க வேண்டும். டி-ஷர்ட்டின் மேல் ஜாக்கெட் போட்டுப் பார்த்துவிட்டு வருவது வீண் வேலை.

அடுத்து கைப்பட்டைகள். நீல ஜாக்கெட்டில் பதவி தெரிவது இதில்தான். அதிகாரிகளில் முதல் படியான என்சைனுக்கு அரை அங்குலப் பட்டை ஒன்று. லெப்டினன்ட் ஜூனியர் கிரேடுக்கு அரை அங்குலம் ஒன்று, அதற்கு மேல் கால் அங்குலம் ஒன்று. லெப்டினன்டுக்கு அரை அங்குலம் இரண்டு. லெப்டினன்ட் கமாண்டருக்கு அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கால் அங்குலப் பட்டை. கமாண்டருக்கு மூன்று, கேப்டனுக்கு நான்கு. விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸ் கடற்படைக் கேப்டனாக ஓய்வு பெற்றவர். அவருடைய கையில் இருந்தது இந்த நான்கு பட்டைகள்தான். அட்மிரல்களுக்கு 2 அங்குல அகலப் பட்டை ஒன்றும், பதவிக்கேற்ப அதற்கு மேல் அரை அங்குலப் பட்டைகளும்.

முதல் பட்டையின் கீழ்விளிம்பு கையின் ஓரத்திலிருந்து 2 அங்குலம் மேலே இருக்க வேண்டும். பட்டைகளுக்கு இடையே கால் அங்குல இடைவெளி. இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. லெப்டினன்டின் இரண்டு பட்டைகளுக்கு நடுவே இருப்பது கால் அங்குலம் மட்டுமே. லெப்டினன்ட் கமாண்டர் ஆனதும் அந்த இடத்தில் ஒரு கால் அங்குலப் பட்டையும் அதன் இருபக்கமும் கால் அங்குல இடைவெளியும் வர வேண்டும், மொத்தம் முக்கால் அங்குலம். அதாவது மேல்பட்டையைப் பிரித்து மேலே நகர்த்தித் தைக்க வேண்டும், அதற்கு மேல் இருக்கும் நட்சத்திரத்தையும் சேர்த்து. பழைய தையலின் தடம் துணியில் தெரியலாம். பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் வரும் என்று தெரிந்தால், கொஞ்சம் பொறுத்து ஜாக்கெட் வாங்குவது லாபம்.

குள்ளமானவர்களுக்கு இன்னொரு விஷயம். கேப்டனின் நான்கு பட்டைகளும் இடைவெளிகளும் சேர்ந்து இரண்டே முக்கால் அங்குலம். கீழே 2 அங்குலம் விட்டால், கையின் ஓரத்திலிருந்து நாலே முக்கால் அங்குலம்வரை போய்விடும். கை நீளத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு அப்புறம்தான் பட்டை தைக்க வேண்டும். தைத்தபின் கையைச் சுருக்கினால் அளவெல்லாம் போய்விடும்.

பட்டைக்கு மேலே வருவது பிரிவுச் சின்னம். கப்பலையும் விமானத்தையும் நடத்தும் லைன் அதிகாரிகளுக்கு ஐந்து முனை நட்சத்திரம். அதன் ஒரு முனை கீழ்நோக்கி, கையின் ஓரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகத் தைத்துவிடும் தையல்காரர்கள் உண்டு, கவனமாகப் பாருங்கள். மருத்துவப் பிரிவுக்கு ஓக் இலையும் அதன்மேல் ஓக் கொட்டையும். செவிலியர் பிரிவுக்குக் கொட்டை இல்லாத வெறும் ஓக் இலை. இந்த இரண்டையும் மாற்றித் தைத்துவிட்டால் மருத்துவமனைக்காரர்கள் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாவாடையா, பேன்ட்டா

நெடுங்காலம் பெண்களுக்குக் கணுக்கால்வரை நீளும் ஃபார்மல் பாவாடைதான் வழக்கம். சமீப ஆண்டுகளில் பேன்ட்டுக்கும் வழி திறந்தது. நிறைய பேர் அதைத்தான் விரும்புகிறார்கள். இரண்டில் எது அழகு என்ற சர்ச்சைக்குள் நான் போகவில்லை. ஆனால் நடைமுறையில் யோசித்தால், வரவேற்பு கப்பலிலேயே நடக்கிறது, செங்குத்தான படியில் ஏறி இறங்க வேண்டும் என்றால் பேன்ட்தான் நிம்மதி.

பாவாடை என்றால் நீளத்தை அன்று போடப்போகும் ஷூவோடு பார்த்து முடிவு செய்யுங்கள். குதிகால் உயரம் மாறினால் நீளமும் மாறிவிடும். பின்பக்கப் பிளவு, சாதாரணமாக ஓர் அடி எடுத்துவைக்கும் அளவுக்குப் போதுமா என்று நடந்து பாருங்கள்.

சட்டை, டை, கம்மர்பண்ட்

முன்பக்கம் மடிப்பு வைத்த வெள்ளை ஃபார்மல் சட்டை. பொத்தானுக்குப் பதில் தங்க நிற ஸ்டட், கையில் தங்க நிற கஃப் லிங்க். ஸ்டட் கழன்று விழுந்தால் தேடவே முடியாது என்பதால் பையில் உபரியாக ஒன்று வைத்திருப்பது நல்லது.

பெண்களுக்கான கறுப்பு டை ஆண்களின் போ டை மாதிரி இருக்காது. காலரின் அடியில் போய், இரண்டு பக்கமும் சரிசமமாகத் தெரியும். அதன் ஓரங்கள் காலரின் ஓரங்களுக்கு இணையாக வர வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம் தெரிந்தாலும் புகைப்படத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

கம்மர்பண்ட் அதிகாரிகளுக்குத் தங்க நிறம், அதிகாரி அல்லாத மூத்த வீரர்களான சீஃப் பெட்டி ஆபீசர்களுக்குக் கறுப்பு. மடிப்புகளின் வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும். சாப்பாட்டுத் துணுக்கு உள்ளே விழுமே என்று தோன்றும், ஆனால் விதி அதுதான். நாடக டிக்கெட் சொருகிவைக்க அப்படி வைத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள், கேட்டுவிட்டுச் சிரித்துக்கொள்ளலாம். பாவாடை அல்லது பேன்ட்டின் மேல்பட்டியைக் கம்மர்பண்ட் முழுதாக மூடியிருக்க வேண்டும். இரவு முழுக்க உட்கார்ந்து எழுந்தால் அது மேலே ஏறும். உள்பக்கம் ஒரு கொக்கியோ நூல் கண்ணியோ வைத்துப் பாவாடைப் பட்டியோடு பிணைக்கத் தையல்காரரிடம் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

மெடல்கள்

மாலை உடையில் பெரிய மெடல்களுக்கு இடமில்லை. அவற்றின் பாதி அளவில் செய்த மினியேச்சர் மெடல்கள்தான். மெடல் இல்லாமல் ரிப்பன் மட்டும் உள்ள விருதுகள் இந்த உடையில் வராது. பெயர்ப்பட்டையும் கிடையாது. ஆகவே பகலில் நெஞ்சு நிறைய ரிப்பனோடு இருப்பவர், இரவில் மூன்று நான்கு மெடலோடு அடக்கமாகத் தெரிவார்.

ஒரே வரிசையில் ஐந்து மெடல்வரை ஒன்றன்மேல் ஒன்று படாமல் வைக்கலாம். அதற்கு மேல் போனால் கொஞ்சம் மேலேறி அடுக்க வேண்டும் அல்லது இன்னொரு வரிசை. உயர்ந்த விருது நெஞ்சின் நடுப்பக்கம், மேல் வரிசையில். அங்கிருந்து இடக்கைப் பக்கமாகத் தகுதி குறைந்துகொண்டே போகும். ஒரே விருதை மீண்டும் பெற்றதற்கான நட்சத்திரங்களையும் மினியேச்சர் அளவில்தான் வாங்க வேண்டும். பழைய ரிப்பனிலிருந்து பெரிய நட்சத்திரத்தைக் கழற்றி இதில் குத்தினால் கண்ணை உறுத்தும். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் பெற்றவர்கள் அதைக் கழுத்தில் அணிவார்கள்.

மெடல்களைத் தனித்தனியாக ஊசி குத்திப் போட வேண்டாம். கடையில் கொடுத்து ஒரே பட்டையில் ஏற்றி வாங்குங்கள். கூடுதல் செலவு என்றாலும் வரிசை கோணாது. மெடல்களுக்கு மேலே போர்ப்பிரிவுச் சின்னம்: விமானிகளுக்குச் சிறகு, மேற்பரப்புக் கப்பல்காரர்களுக்கும் நீர்மூழ்கிக்காரர்களுக்கும் அவரவர் சின்னம். அதுவும் மினியேச்சர்தான்.

இனி பெண்களுக்கே உரிய சிக்கல். இடப்பக்க லேப்பலில் (ஜாக்கெட்டின் நெஞ்சில் மடிந்து விழும் மடலில்) மெடல் வைக்கும் இடம் ஆண்களின் ஜாக்கெட்டை மனதில் வைத்து வந்தது. பெண்ணின் ஜாக்கெட்டில் அதே அளவில் வைத்தால் பட்டை மார்பின் வளைவில் போய் நிற்கும், மெடல்கள் நேராகத் தொங்காமல் முன்னே சாயும். விதி அனுமதிக்கும் எல்லைக்குள் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். சரியான இடம் கிடைத்ததும் லேப்பலின் உள்பக்கம் நூலால் ஓர் அடையாளம் வைத்துவிட்டால் அடுத்த வருடம் அளவு நாடாவைத் தேட வேண்டாம். பட்டைக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டுத் துணியைக் கொடுத்துக் குத்தினால் எடையில் லேப்பல் தொங்காது.

தலை முதல் கால் வரை மற்றவை

முடியைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் 2018 ஜூலையில் வந்தது. அப்போதைய கடற்படைத் தலைவர் அட்மிரல் ஜான் ரிச்சர்ட்சன் அறிவித்த அந்த விதிகளில் போனிடெயிலுக்கும் சடைத்திரிகளுக்கும் அனுமதி கிடைத்தது. டின்னர் டிரெஸ் அணியும்போது மட்டும் முடி காலருக்குக் கீழே இறங்கலாம் என்பதும் அப்போது வந்ததுதான். அன்றாடச் சீருடையில் கிடைக்காத சலுகை. இருந்தாலும் ஜரிகையிலும் மெடலிலும் முடி சிக்கும் என்பதால் பலர் கொண்டைதான் போடுகிறார்கள்.

காதில் ஒற்றை முத்துத் தோடு அழகாகப் பொருந்தும், விதிக்கும் உட்பட்டது. தொங்கட்டான் கூடாது. கறுப்பு நிற டிரெஸ் ஷூ, அதே நிறத்தில் சின்னக் கைப்பை. பழைய படங்களில் சில பெண் அதிகாரிகள் தலையில் கறுப்பு வெல்வெட் டியாரா அணிந்திருப்பதைப் பார்க்கலாம், நடுவே கடற்படைச் சின்னத்தோடு. கிரீடம் அணிந்த ஓர் ராணுவச் சீருடை! விதிப்புத்தகத்தில் அது நெடுங்காலம் இருந்தது. இப்போது கடையில் தேட வேண்டாம்.

அந்த மாலை

உடுத்தும் வரிசை எளிது: சட்டையும் ஸ்டட்டும் முதலில், பிறகு பாவாடை அல்லது பேன்ட், கம்மர்பண்ட், டை. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டாதீர்கள். மெடல் பட்டை சீட் பெல்ட்டில் மாட்டி ரிப்பன் கசங்கும். தொங்கவிட்டு எடுத்துப்போய் வாசலில் அணியுங்கள். முகப்பூச்சு முழுவதும் ஜாக்கெட்டுக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

அமெரிக்கப் போர்க்கப்பல்களில் 1914 ஜூலை 1 முதல் மது கிடையாது. ஜோசஃபஸ் டேனியல்ஸ் கடற்படைச் செயலராக இருந்தபோது போட்ட உத்தரவு. அதனால் போர்ட் ஒயின் டோஸ்ட்டுகள் கொண்ட முறையான விருந்து பெரும்பாலும் கரையில் நடக்கும். அதிகாரிகள் மட்டும் கூடினால் டைனிங்-இன், விருந்தினர்களையும் அழைத்தால் டைனிங்-அவுட். மேசைத் தலைவருக்கு அடுத்தபடியாக வைஸ் என்று ஓர் இளைய அதிகாரி இருப்பார். யாருடைய உடையில் குறை இருந்தாலும் அவர் வழியாகப் புகார் போகும். தலைகீழ் நட்சத்திரம், கோணலான டை, கம்மர்பண்ட் கீழ்நோக்கி என்று எதுவும் தப்பாது. தண்டனை பெரும்பாலும் 'கிராக்' என்ற பானக் கலவை ஒரு கோப்பை. அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்காமல் இருப்பது நல்லது. எல்லாம் விளையாட்டுதான். டோஸ்ட் மட்டும் விளையாட்டு இல்லை. அமெரிக்கர்கள் எழுந்து நின்று சொல்வார்கள். பிரிட்டிஷ் கடற்படையில் அரசருக்கான டோஸ்ட்டையே உட்கார்ந்துதான் சொல்வார்கள், அவர்களோடு விருந்துண்ணப் போனால் இது நினைவில் இருக்கட்டும்.

விருந்து முடிந்த பிறகு

பட்டுப்புடவை ஜரிகையைப் பத்திரப்படுத்தத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பகுதி புதிதல்ல. தங்கப் பட்டையும் கந்தகம் பட்டால் கறுக்கும். ரப்பர், பழுப்புக் காகிதம் இரண்டிலும் கந்தகம் உண்டு என்பதால் அவற்றின் அருகில்கூட ஜாக்கெட்டைத் தொங்கவிடக் கூடாது. ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஷூவோடு ஒரே பையில் போடுவதும் தப்பு. பட்டைகளை மெல்லிய டிஷ்யூ காகிதத்தால் சுற்றி, துணி உறையில், அகலமான தோள் கொண்ட ஹேங்கரில் மாட்டுங்கள். டிரை கிளீனரிடமிருந்து வந்த பிளாஸ்டிக் உறையை அன்றே கழற்றிவிடுங்கள்.

சலவைக்குக் கொடுக்கும் முன் மெடல், சின்னங்கள், ஸ்டட் எல்லாவற்றையும் கழற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டு அதே ஹேங்கரின் உறைப் பையில் வையுங்கள். கம்மர்பண்டை மடிக்காமல் சுருட்டி வைத்தால் மடிப்பு உடையாது. அடுத்த அழைப்பிதழ் வரும்போது முதல் வேலையாக ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள். இடுப்பில் பிடித்தால் தையல்காரருக்கு இன்னும் நேரம் இருக்கும்.